பார்ப்பதும் கிட்டச் சேர்வதும்



இந்த மடல் கைக்கு வந்தவுடன் உங்களில் அநேகர் முதலாவது பார்ப்பது படங்களைத்தான் என்று நாங்கள் அறிவோம். அதில் குறை ஒன்றுமில்லை. இரண்டு பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை ஒரு முகம் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த முகத்துக்கு உரியவர் ஒருவர் உண்டு. ஏதோ ஒரு வீட்டில் அவர் ஒருவருக்கு மகன், ஒருவருக்குத் தாய். அவர் பெலவீனமாய்ப் படுத்திருக்கும் வேளையில் அவரைப் படம் எடுப்பதும், அவர் அறியாத ஆயிரம் பேர் அதைப் பார்ப்பதும் சிறிய காரியமல்ல.

முன்னாட்களில் சங்கரன்கோவிலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் குளித்து, தலைவாரி, நல்ல சட்டை போட்டு ஸ்டுடியோவுக்குப் போகவேண்டும். அங்கே பூந்தோட்டம் வரைந்த திரை தொங்கும். கண்ணாடிக்கு முன்னால் சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்கும். எப்படித் தோன்றவேண்டும் என்பதை அவரவரே தீர்மானித்தார்கள். இன்று எல்லார் கையிலும் காமரா இருக்கிறது. ராஜபாளையம் சாலையில் ஒரு விபத்து என்றால், அடிபட்டவரைத் தூக்குவதற்கு நீளும் கைகளைக்காட்டிலும் செல்போனோடு நீளும் கைகள் அதிகமாயிருக்கின்றன. நோயாளியைப் பார்க்க வார்டுக்கு வருகிறவர்களிலும் சிலர், நலம் விசாரிக்கும் முன்னே படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

பிறருடைய துன்பத்தைப் படம் எடுக்கலாமா? எடுத்தால் எப்படி எடுக்கவேண்டும்? இதைக்குறித்து ஆயுள் முழுதும் சிந்தித்த ஒரு படக்கலைஞரை இந்த மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். அவர் பிரெஞ்சுக்காரர். ஆனாலும் நம்முடைய மதுரைக்கும் திருவண்ணாமலைக்கும் வந்து, நம் ஜனங்களின் முகங்களைப் படமாக்கிச் சென்றவர்.

யார் இந்த மனிதர்?

ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் 1908-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். முதலில் ஓவியம் பயின்றார். 1931-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தபோது, மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய காய்ச்சல் அவரைப் பிடித்தது. பிழைக்கமாட்டோம் என்று எண்ணி, தம்மை எங்கே அடக்கம் செய்யவேண்டும், அப்போது எந்த இசையை வாசிக்கவேண்டும் என்றெல்லாம் குறித்துத் தாத்தாவுக்குத் தபால் அட்டை எழுதினாராம். அதற்கெல்லாம் செலவு அதிகமாகும், முதலாவது வீடு வந்து சேரச் சொல்லுங்கள் என்று பெரியவர் பதில் சொல்லி அனுப்பினாராம். வாலிபர் பிழைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியபின் அவர் லைக்கா என்னும் சிறிய காமரா ஒன்றை வாங்கினார். அதற்குமுன் தொழில்முறைப் படக்காரரின் காமரா பெரும்பாலும் பெட்டிபோல் பெரிதாயிருந்தது. முக்காலியில் நிறுத்தி, கண்ணாடித் தகட்டைச் செருகி, எதிரே இருப்பவரை அசையாமல் உட்காரச் சொல்லவேண்டும். 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்காவோ சினிமாப் பிலிமைப் பயன்படுத்தியது. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடக்கலாம். ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். மனிதர்களை நிறுத்தி வைக்காமல், அவர்கள் இருக்கிற வண்ணமாகவே படம் எடுக்க அதனால் வழி பிறந்தது.

இரண்டாம் உலகப்போரில் பிரெஸ்ஸான் 1940-ல் ஜெர்மானியரிடம் பிடிபட்டு 35 மாதம் சிறைமுகாம்களில் கஷ்டப்பட்டார். இருமுறை தப்ப முயன்று அகப்பட்டார். மூன்றாம் முறை 1943-ல் தப்பினார். சிறைப்படுமுன் ஒரு பண்ணையில் புதைத்து வைத்திருந்த தம் காமராவைத் தோண்டி எடுத்துக்கொண்டார். இதற்கிடையில் அவர் மாண்டுபோனார் என்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தார் எண்ணி, அவருடைய நினைவாக ஒரு கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கண்காட்சி 1947-ல் நடந்தபோது அவரே அங்கே இருந்தார். அதே ஆண்டில் ராபர்ட் காப்பா முதலிய நண்பர்களோடு மேக்னம் என்ற படக்கலைஞர் கூட்டுறவை ஏற்படுத்திவிட்டு, இந்தியாவுக்குப் பயணமானார்.

அவருடைய கட்டுப்பாடுகள்

இவர் தமக்குத்தாமே சில ஒழுங்குகளை விதித்திருந்தார். அவற்றை அறிந்தால் அவருடைய உள்ளம் விளங்கும்.

முதலாவது, பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்சையே பயன்படுத்தினார். தொலைவில் நின்று முகத்தை இழுத்துக் காட்டும் லென்சு அல்ல அது. நம் கண் பார்க்கிற அளவிலேயே அதுவும் பார்க்கும். ஆகவே ஒருவரைப் படம் எடுக்க வேண்டுமானால் அவருக்குக் கிட்டப் போயே தீரவேண்டும்.

இரண்டாவது, பளிச்சென்று அடிக்கும் ஃப்ளாஷ் வெளிச்சத்தை அவர் வெறுத்தார். இசைக் கச்சேரிக்குத் துப்பாக்கியோடு வருவதற்கு அதை ஒப்பிட்டார். இருக்கிற வெளிச்சத்துக்கு மரியாதை கொடுக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். காமராவின் பளபளக்கும் பாகங்களையும் கறுப்பு நாடாவால் மூடியிருந்தார்.

மூன்றாவது, எடுத்த படத்தைப் பின்னால் வெட்டித் திருத்துவதை அவர் விரும்பவில்லை. எடுக்கிற நொடியில் சரியாகப் பார்க்காததை இருட்டறையில் வெட்டிச் சரிப்படுத்த முடியாது என்றார்.

நான்காவது, காத்திருந்தார். நல்ல இடம் ஒன்றைக் கண்டால் அங்கேயே நிற்பார். அந்த இடத்துக்கு உயிர் கொடுக்கும் ஒரு மனிதர் வந்து சேரும்வரை பொறுத்திருப்பார். நம்மூர்க் குளத்தில் தூண்டில் போடுகிறவர்கள் தண்ணீரைக் கலக்கமாட்டார்கள் அல்லவா? படக்காரனும் அப்படியே பூனைபோல் நடந்து கிட்ட வரவேண்டும் என்பார்.

1952-ல் தம் படங்களை ஒரு நூலாக வெளியிட்டார். ஆங்கிலப் பதிப்புக்குத் தீர்மானமான கணம் என்று பொருள்படும் தலைப்பு அமைந்தது. உலகம் அதையே பிடித்துக்கொண்டது. பிரெஞ்சுத் தலைப்போ மிகவும் தாழ்மையானது. போலீஸ்காரர் வந்தால் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராயிருக்கும் நடைபாதை வியாபாரியை நினைப்பூட்டும் சொற்கள் அவை. தாம் கணங்களுக்கு அதிபதி என்று அவர் நினைக்கவில்லை. கடந்துபோகிற ஒன்றை, அது மறைந்துபோகுமுன் நன்றியோடு ஏந்திக்கொள்ளும் எளியவனாகவே தம்மை எண்ணினார்.

டெல்லியில் ஒரு மாலை

1948 ஜனவரி 30 அன்று அவர் டெல்லியில் பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்தித்தார். நியூயார்க் கண்காட்சிக்காக அச்சிட்ட நூலை அவரிடம் காண்பித்தார். காந்தியடிகள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி வந்து ஒரு படத்தில் நின்றார். பால் குளோதெல் என்னும் பிரெஞ்சுக் கவிஞர், கடந்துபோகும் சவ வண்டியைத் திரும்பிப் பார்க்கும் படம் அது. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வாழ்வின் முடிவைப்பற்றி ஆழ்ந்து சிந்தித்த கத்தோலிக்கக் கவிஞர் அவர் என்று பிரெஸ்ஸான் விளக்கினார். காந்தியடிகள் சற்று யோசித்து, மரணம் என்ற சொல்லையே மூன்றுமுறை சொன்னார் என்பது பிரெஸ்ஸானின் சாட்சி.

அன்று மாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின்பு, ஜெபக் கூட்டத்துக்கு நடந்து வரும் வழியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். மாண்டவர் என்று எண்ணப்பட்ட ஒருவருக்காகத் தொடங்கிய நூல், மரிக்கப்போகும் ஒருவருடைய கைகளில் அன்று இருந்தது. செய்தி கேட்டு பிரெஸ்ஸான் ஓடோடித் திரும்பினார். இருட்டிவிட்டது. வாசலில் கூடியிருந்த ஜனங்களுக்கு ஜவாகர்லால் நேரு அந்தத் துக்கத்தை அறிவிக்கும் காட்சியை, அங்கிருந்த விளக்கு வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்தார். படம் தெளிவாயில்லை. ஆனால் அந்த இரவும் தெளிவாயில்லை. அதனால்தான் இன்றும் அதைப் பார்க்கிறவர்களுக்கு நெஞ்சு அடைக்கிறது.

திருவண்ணாமலையில் ஓர் இரவு

1950-ல் அவர் தமிழ்நாட்டுக்கு வந்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி கையில் உண்டான புற்றுக்கட்டியால் துன்பப்பட்டுக்கொண்டிருந்தார். 1949-ல் நான்குமுறை அறுவைச் சிகிச்சை செய்தும் நோய் தணியவில்லை. நம்முடைய விசுவாசம் வேறு. ஆயினும் மரணப் படுக்கையண்டை நிற்பதே ஊழியமாய்க் கொண்ட எங்களுக்கு, அங்கே ஒரு படக்காரர் எப்படி நடந்துகொண்டார் என்பது கற்றுக்கொள்ளத்தக்க காரியமாயிருக்கிறது.

அவர் அந்த முதியவரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். சாய்ந்து படுத்திருக்கும் அந்த மெலிந்த உருவத்தில் நோயும் தெரிகிறது, அமைதியும் தெரிகிறது. நோயை மட்டும் பார்க்க வந்தவர் அப்படி எடுத்திருக்க முடியாது.

ஏப்ரல் 14 இரவு, தாம் தங்கியிருந்த வீட்டின் முன்னே திறந்தவெளியில் இருந்தபோது, நண்பர்கள் வானத்தைக் காட்டினார்கள். வாலோடுகூடிய ஒரு நட்சத்திரம் மெதுவாய் வானத்தைக் கடந்து அருணாசல மலைக்கு அப்பால் மறைந்தது. உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். மணி 8.47. ஆசிரமத்துக்கு ஓடிப்போனார். அந்த வேளையில்தான் மகரிஷி மரித்தார் என்று சொன்னார்கள். அந்த நட்சத்திரத்துக்கு என்ன பொருள் என்பதை விவாதிப்பது எங்கள் நோக்கமல்ல. பதினாயிரக்கணக்கான படங்களை எடுத்த அம்மனிதர், படமில்லாத அந்த ஒரு கணத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் கவனியுங்கள். காமராவில் அகப்படாததும் ஒருவனுடைய வாழ்வில் தங்கிவிடும்.

மதுரைக் குழந்தை

அதே 1950-ல் மதுரையில் அவர் எடுத்த ஒரு படம் உண்டு. எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை. அதைத் தாங்கியிருக்கும் ஒரு பெண். அருகே பெரிய வண்டிச் சக்கரம். சக்கரத்தின் ஆரங்களும் குழந்தையின் விலா எலும்புகளும் ஒன்றையொன்று நினைப்பூட்டுகின்றன.

இந்தப் படத்தின்முன் நாங்கள் நெடுநேரம் நின்றதுண்டு. மிக நேர்த்தியான படம். அதுதான் மனதைக் குத்துகிறது. இவ்வளவு வேதனையில் இவ்வளவு நேர்த்தி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. படத்தின் கீழே ஊர்ப்பெயரும் ஆண்டும் இருக்கின்றன. குழந்தையின் பெயர் இல்லை. அந்தக் குழந்தைக்குக் கஞ்சி கிடைத்ததா, வைத்தியம் கிடைத்ததா என்பதைப் படம் சொல்லாது. படத்தால் அதைச் சொல்லவும் இயலாது. ஒரு படம் நம்மை வாசல்வரை கொண்டுவந்து விடும். அதற்குமேல் உள்ளே போகவேண்டியது நாம்.

ஆனாலும் பிரெஸ்ஸான் கிட்டப் போனார் என்பதை மறுக்க முடியாது. இதை விளங்கிக்கொள்ள, இதே மண்ணில் அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன் எடுக்கப்பட்ட வேறு படங்களை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

தாது வருஷப் படங்கள்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப்பற்றி நம் முன்னோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அக்காலத்தில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற சென்னை ராணுவ அதிகாரி, பட்டினியால் வற்றிப்போன மனிதர்களைப் படம் எடுத்தார். முதியோரும் பெண்களும் பிள்ளைகளும் ஒரு கூட்டமாய் வைக்கப்பட்டு, எலும்புகள் தெரியும்படி காமராவுக்கு முன் இருக்கிறார்கள். கடல் கடந்த நாட்டில் பஞ்சத்தின் கொடுமையை நம்பாதவர்களுக்கு அப்படங்கள் அத்தாட்சியாய் இருந்தன. அந்த நன்மையை மறுக்கவேண்டாம். ஆனால் சாகிறவர்களை அடுக்கி வைத்துப் படம் எடுத்தவர் அவர்களுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி அவரைத் தொடர்ந்து வந்தது. பின்பு 1886-ல் பர்மாவில், மரண தண்டனை நிறைவேறும் நேரத்தையே படம் எடுக்க முயன்றதற்காக அவர்மேல் விசாரணை நடந்து கண்டனம் பிறந்தது.

ஹூப்பரும் பார்த்தார், பிரெஸ்ஸானும் பார்த்தார். ஒருவர் மனிதர்களைக் காமராவுக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தினார். மற்றவர் மனிதர்களுக்கு ஏற்றபடி தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டார். எரிகோவுக்குப் போகும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனை மூன்றுபேர் பார்த்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசாரியனுக்கும் லேவியனுக்கும் சமாரியனுக்கும் பார்வை ஒன்றுதான். கிட்ட வந்தவன் ஒருவனே.

எங்கள் வார்டில்

செல்போன்கள் எல்லார் கைக்கும் வருமுன் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த ஒரு தாயின் ஆண்குழந்தை, மூன்று மாதம் நிறையுமுன்னே எங்கள் பிள்ளைகள் வார்டில் மரித்துப்போயிற்று. ஜெபித்து ஆறுதல் சொல்லப் போனபோது அந்தத் தாய் கேட்டது ஒன்றே ஒன்று. "ஐயா, இவன் மொகத்தப் பாக்கணும்னா எங்ககிட்ட ஒரு போட்டோ கூட இல்லையே. யாரையாவது வரச் சொல்லுவீங்களா?"

கிறிஸ்தவக் குடும்பங்களில் சவப்பெட்டியைச் சுற்றிநின்று படம் எடுக்கும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அந்நியருக்கு அது விநோதமாய்த் தோன்றலாம். அது கடைசிமுறையாகக் குடும்பமாய் நிற்பது. அந்தத் தாயும் அதைத்தான் கேட்டாள்.

கடைத்தெரு ஸ்டுடியோக்காரருக்கு ஆள் அனுப்பினோம். வந்தவர் காமராவை உடனே எடுக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைக்கு என்ன பேரும்மா?" என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு ஃப்ளாஷைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். ஜன்னலை நன்றாய்த் திறக்கச் சொன்னார். அவள் பிள்ளையின் முகத்தைத் துடைத்து, பவுடர் பூசி, தலைமயிரை ஒதுக்கி முடிக்கும்வரை சுவரோரமாய் நின்றுகொண்டிருந்தார். இரண்டே படங்கள் எடுத்தார். பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. பிரெஸ்ஸானின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் அந்தப் பெரிய கலைஞர் எழுதி வைத்த ஒழுங்குகள் யாவும் அவருக்குத் தெரிந்திருந்தன. அதற்குமேல் ஒன்றும் தெரிந்திருந்தது. பெயரைக் கேட்கத் தெரிந்திருந்தது.

நோயாளிகளின் பெயர்களை நாங்கள் அச்சிடுவதில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பி மானமாய் வாழவேண்டியவர்கள். ஆனால் பெயர் அச்சில் வராமல் இருப்பது வேறு. பெயரே கேட்கப்படாமல் போவது வேறு.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, பிரியமானவர்களே, உங்கள் கையிலும் ஒரு காமரா இருப்பதால் சில வார்த்தைகளைச் சொல்ல எங்களுக்கு உத்தரவு கொடுங்கள். நோயுற்றவரைப் பார்க்கப் போனால் முதலாவது அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், படுக்கையருகே உட்காருங்கள். படம் எடுக்க அவர் விரும்பினால், எடுத்ததை அவருக்குக் காண்பித்து, வேறு யாருக்கு அனுப்பலாம் என்பதையும் கேளுங்கள். பேச முடியாதவருக்காகவும் மயக்கத்தில் கிடப்பவருக்காகவும் சம்மதம் சொல்ல ஒருவருமில்லையென்றால் காமராவை எடுக்கவேண்டாம். சாலையில் அடிபட்டவரைக் கண்டால் அந்தக் கருவியைக்கொண்டு செய்யத்தக்கது ஒன்றுதான்: 108-க்குப் போன் செய்யுங்கள்.

படங்களைப் பார்க்கிறவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. ஒரு முகத்தைக் கண்டதும் ஐயோ பாவம் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடாதிருங்கள். சற்று நில்லுங்கள். அவருடைய கண்களைப் பாருங்கள். அவருக்குப் பின்னால் நிற்கிறவர் யார், கட்டிலுக்குக் கீழே இருக்கும் தூக்குவாளி யார் கொண்டுவந்தது, எந்த ஊர்ப் பஸ் ஏறி வந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்த ஒரு நிமிஷம் கிட்ட வருவதற்கு ஆரம்பம்.

பிரெஸ்ஸான் 1970-களில் படத்தொழிலை ஏறக்குறைய விட்டுவிட்டு மறுபடியும் பென்சிலை எடுத்து வரையத் தொடங்கினார். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ல், 95 வயதில் காலமானார். பிறரை அத்தனை படம் எடுத்த அவர், தம்மை ஒருவர் படம் எடுப்பதைச் சற்றும் விரும்பியதில்லை. ஆகவே காமராவுக்கு எதிரே இருப்பவரின் கூச்சம் அவருக்குத் தெரியும். வார்டில் போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொள்ளும் நோயாளியைக் காணும்போதெல்லாம், அந்தக் கூச்சத்துக்குத் தலைவணங்கி, கையை வெறுமையாக வைத்துக்கொண்டே அவரருகே உட்காருகிறோம்.

நம் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அறிந்திருக்கிற கர்த்தர், பார்க்கிற கண்களையும் கிட்டச் சேர்கிற கால்களையும் நமக்குத் தருவாராக.